தம்பியின் கைக்கு இரண்டு கேமரா

தம்பிக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்னபோது பெரியம்மா அழுதாள். அம்மா முகத்தில் சந்தோஷம் வந்தது. ஒரே ஒரு நொடிதான். பக்கத்தில் பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவதைப் பார்த்ததும் அம்மா முகத்தை இறுக்கிக்கொண்டாள். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை கூட்டத்தில் அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். டாக்டர் வாயால் சொன்னதை அம்மாவுக்குக் கையால் சொன்னவளும் நான்தான். ஆக, அந்த நல்ல செய்தியை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்த புண்ணியமும் என்னுடையது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. இருவரும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார்கள். அப்பா தோல் வெட்டுகிற பிரிவில், அம்மா தையல் பிரிவில். கம்பெனி வேனில் பார்த்துப் பழகி, வீட்டைச் சம்மதிக்கவைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அடுத்த தெருவில் ஐஸ்காரன் மணி அடித்தால்கூடக் கேட்கும். நான் பிறந்தபோதும் ஒரு டாக்டர் "குழந்தைக்குக் காது கேக்குது" என்று சொல்லியிருப்பார், பெரியம்மா கடவுளுக்குக் கும்பிடு போட்டிருப்பாள். அப்போது அம்மா முகம் எப்படி இருந்தது? அதைப் பார்த்து வைத்துச் சொல்ல யாருமில்லை. தம்பி பிறந்தபோது எனக்குப் பத்து வயது. அந்த வராந்தாவிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவேயில்லை.

காதுக்குள் மெஷின் பொருத்தலாம் என்று டாக்டர் சொன்னதும், அதை வைத்து எங்கள் வீட்டில் நடந்த சண்டையும் தனிக்கதை. அது இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது ஆராய்ச்சி அக்காவைப் பற்றி.

தம்பி குப்புற விழுந்து தவழப் பார்க்கிற வயதில் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில், காது கேட்காத குழந்தைகள் சைகை மொழியை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவர். அவருக்குக் காது கேட்கும். சைகையைக் கல்லூரியில் படித்துக் கற்றுக்கொண்டவர். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கம்பெனி லீவு என்பதால் ஞாயிறுகளில் ரயிலேறி வருவார். தோளில் பெரிய பை, பைக்குள் இரண்டு கேமரா. ஒன்றைத் தம்பியின் கைக்கு நேராக வைப்பார், இன்னொன்றைத் தம்பியைப் பார்த்துப் பேசுகிற அம்மாவின் கைக்கு நேராக. முதல் நாளே எண்ணிப் பார்த்துவிட்டேன். என் கைக்கு ஒன்றுமில்லை.

"ஏங்க்கா எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"காது கேக்காத குழந்தைங்க பெரும்பாலும் கேக்குற அப்பா அம்மாவுக்குத்தான் பொறக்குறாங்க. அவங்க வீட்ல யாருக்கும் சைகை தெரியாது. ஸ்கூலுக்குப் போற வயசு வரைக்கும் அந்தக் குழந்தைக்குப் பார்க்கவே மொழி கிடைக்காது. உன் தம்பி அப்படி இல்ல. பொறந்த அன்னைக்கே அவனைச் சுத்தி மொழி இருக்கு. இந்த மாதிரி வீடு கிடைக்கிறது கஷ்டம்மா. உங்க தம்பி ரொம்ப அபூர்வம்."

அபூர்வம். நான் வகுப்பில் முதல் மூன்று ரேங்குக்குள் வருகிறவள். என்னை யாரும் அந்தச் சொல்லால் சொன்னதில்லை.

தம்பி பாயில் படுத்துக்கொண்டு கையை ஆட்டுவான். விரல்களை மூடுவான், திறப்பான், மூடுவான், திறப்பான். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். அது சும்மா ஆட்டுவதில்லையாம். காது கேட்கிற குழந்தை வாயால் ப்பப்பா, ம்மம்மா என்று உளறுவதுபோல, கையைப் பார்த்து வளர்கிற குழந்தை கையால் உளறுமாம். "எல்லாக் கொழந்தையுந்தான் கையை ஆட்டும்" என்றேன். "ஆட்டும். ஆனா இதைப் பாரு, இது தாளத்தோட வருது" என்றார். பார்த்தேன். தாளத்தோடுதான் வந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு கைக்குழந்தை இருந்தது, அதன் கை இப்படி ஆடாது. அக்கா சொன்னது நிஜம் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவனுடைய முதல் சொல் ஃபேன். ஒரு விரலை மேலே தூக்கிச் சுற்ற வேண்டும். அவன் விரலைத் தனியாக நீட்டத் தெரியாமல் முஷ்டியை அப்படியே தூக்கிச் சுற்றினான். அம்மா அவனை வாரி எடுத்துக்கொண்டாள். அப்பா கடைக்கு ஓடி ஜிலேபி வாங்கி வந்தார். அக்கா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். சின்னக் குழந்தைக்குத் தனித்தனி விரல் சீக்கிரம் வராது, கை முழுவதையும்தான் பயன்படுத்தும், வாயால் பேசுகிற குழந்தை 'ர' வராமல் 'ல' சொல்வது மாதிரி என்று எனக்கு விளக்கினார். நான் தப்பாகச் சைகை செய்தால் அப்பா தலையில் குட்டுவார். அவன் தப்புச் செய்தால் வீடியோ.

அம்மா அவனிடம் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து என் வயிறு எரிந்தது. அவள் அவசரப்படவே மாட்டாள். அவன் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவன் கண்ணுக்கும் பொம்மைக்கும் நடுவில் தன் கையைக் கொண்டுபோய் வைத்துப் பேசுவாள். அவன் எங்கேயோ பார்த்தால் அவனாகத் திரும்புகிறவரை காத்திருப்பாள். சில சொற்களை அவன் கன்னத்திலேயே, அவன் வயிற்றிலேயே போட்டுக் காட்டுவாள். பெரிதாக, மெதுவாக, ஒரே சொல்லை மூன்று நான்கு தடவை. அம்மாவின் விரல் நுனியெல்லாம் கம்பெனிப் பசையும் சாயமும் ஏறிக் கறுத்திருக்கும், வேலைக்குப் போகாத நாளிலும் அது போகாது. அந்தக் கறுத்த விரல் அவன் கன்னத்தில் 'பூனை' என்று எழுதும்போது அவன் கண்ணை மூடித் திறப்பான்.

என்னிடம் பேசுவது அப்படியில்லை. எனக்குக் காது கேட்கும் என்பதால் என்னைக் கூப்பிட அம்மாவிடம் ஒரு சத்தம் உண்டு. தொண்டையிலிருந்து "ஆங்" என்று வரும். எத்தனை பெரிய சத்தம் என்று அவளுக்குத் தெரியாது, தெரு முழுக்கக் கேட்கும். பையன்கள் அதேபோலச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். நான் ஓடி வந்து நிற்பேன். அம்மா ஒரு கையால் வேலை செய்துகொண்டே இன்னொரு கையால் "தண்ணி", "கேஸ்காரன்", "கடை" என்பாள். முடிந்தது. என் கன்னத்தில் ஒரு சொல்லும் எழுதியதில்லை.

கையால் சொன்னதை எந்தத் தமிழில் எழுதுவது என்று எனக்குக் குழப்பம் உண்டு. கைக்கும் ஊருக்கு ஊர் வழக்கு மாறும், ஆனால் அதை எழுதிக் காட்ட எழுத்து கிடையாது. அதனால் என் வாயில் வருகிற ஆம்பூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இந்தப் பொறாமைக்கு ஒரு பழைய வேர் இருந்தது. நான் நடக்க ஆரம்பித்ததுமே என்னை ஒடுகத்தூர்ப் பக்கம் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. காது கேட்கிறவள். அப்பா அம்மா பேசாத வீட்டில் வளர்ந்தால் பிள்ளைக்குப் பேச்சு வராமலே போய்விடும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் பயமுறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகளில் அதுதான் வழக்கம். காது கேட்கிற பிள்ளையைக் காது கேட்கிற உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள், பேச்சு வந்ததும் கூட்டி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறி வந்து என்னைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் ஆம்பூருக்கு வந்தேன். சைகையெல்லாம் அதன் பிறகு பழகியது என்றுதான் நினைத்திருந்தேன். என் கை திக்குகிறது என்று அப்பா இன்றைக்கும் கேலி செய்வார்.

தம்பியை எந்தப் பெரியம்மா வீட்டுக்கும் அனுப்பவில்லை. எதற்கு அனுப்ப வேண்டும்? அவனுக்கு வேண்டிய மொழி அம்மாவின் கையிலேயே இருந்தது. அம்மா கம்பெனிக்குப் போகாமல் ஒரு வருஷத்துக்கு மேல் அவனோடு வீட்டில் இருந்தாள்.

இது போதாதென்று ஆராய்ச்சி அக்கா வேறு. அவர் கை அத்தனை சுத்தம். அம்மா அவரோடு பேசும்போது கையை அடக்கிக்கொண்டு பேச வேண்டியதில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் எப்படி நடப்பார், யார் யாரை லவ் பண்ணுகிறார்கள், என்று என்னிடம் சொல்லாத கதையெல்லாம் அவரிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் பக்கத்தில் இருந்தால் அம்மாவின் கை சின்னதாகிவிடும்.

ஒருநாள் அக்கா என்னைத் தள்ளி நிறுத்தி மெதுவாகச் சொன்னார். "நீ வாயாலயும் பேசிக்கிட்டே கையும் காட்டுற இல்ல? அவன் உன் வாயைப் பார்க்கிறான். அது பதிவுல கலந்துடுது. கேமரா ஓடுற நேரம் மட்டும் வெளிய இருக்கியா?"

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வரிசையில் இருக்கிற உருதுக்கார வீடு அது, மகளே என்பதற்கு 'பேட்டி' என்பார். "இன்னா பேட்டி, உங்க வூட்லர்ந்து உன்னையே தொரத்திட்டாங்களா?" என்றார்.

"கேமரா ஓடுது. நான் பேசக் கூடாதாம்."

"பேசுறதுக்குன்னு வூட்ல இருக்கிறதே நீ ஒருத்திதான். உன்னைப் போயி வெளிய ஒக்கார வெச்சா? பேஜாரா கீதே." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் ஒரு முடிவு எடுத்தேன். அன்றைக்கு எனக்கும் காது கேட்காது. காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பல் துலக்கும்போதுகூடச் சத்தம் வராமல் துப்பினேன். அக்கா வந்து "சாப்ட்டியா?" என்று வாயால் கேட்டார். நான் திரும்பவில்லை. தோளைத் தொட்டார். திரும்பி, கையால் "என்ன?" என்றேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கேமராவைச் சரி செய்யப் போய்விட்டார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிய வெற்றி. தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், கேமராவின் ஓரத்தில் என் கை விழுகிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து அத்தை கத்தினார். "தண்ணி வந்திருச்சி! பேட்டி, தண்ணி!"

முனிசிபாலிட்டிக் குழாயில் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. வந்ததும் அத்தை குரல் கொடுப்பார், நான் அம்மாவைத் தட்டிச் சொல்வேன், இரண்டு பேரும் குடத்தோடு ஓடுவோம். அதுதான் எங்கள் ஏற்பாடு. அன்றைக்கு நான் அசையவில்லை. அத்தை இன்னொரு தடவை கத்தினார், வேறு யாரோ கத்தினார்கள், குடங்கள் உரசுகிற சத்தம், சண்டைச் சத்தம், எல்லாம் கேட்டது. நான் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அந்தக் கூச்சல் ஏதோ தெருச் சத்தம், அவர் கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்தார். நிஜமாகவே காது கேட்காமல் இருப்பது எத்தனை சுலபமோ, கேட்காததுபோல இருப்பது அத்தனை கஷ்டம். என் கழுத்து வலித்தது.

மத்தியானம் அம்மா குடத்தைத் தூக்கிப் பார்த்தாள். காலி. வெளியே போய் மற்ற வீட்டு வாசல்களில் நிறைந்து நின்ற குடங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். "உன் காது எங்க போச்சி?" என்றாள். நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். காதைத் தொட்டு, கையை விரித்து, "எனக்கும் கேக்காது."

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்குக் கேக்காத பிள்ளை ஒண்ணு இருக்கு. போதும்" என்று காட்டிவிட்டு, அத்தை வீட்டில் ஒரு குடம் கடன் கேட்கப் போய்விட்டாள். அடித்திருந்தால் அழுதிருப்பேன். இதற்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை. அன்று மாலையே வாயைத் திறந்துவிட்டேன், தம்பியின் பக்கத்திலிருந்தும் எழுந்துவிட்டேன்.

தம்பி வளர்ந்தான். முஷ்டியிலிருந்து விரல் பிரிந்தது. இரண்டு சொல் சேர்த்தான், மூன்று சொல் சேர்த்தான். அதிலும் அக்கா கண்டுபிடித்தது ஒன்று உண்டு. காது கேட்கிற குழந்தை வாயால் எந்த வயதில் எப்படிப் பேசுகிறதோ, ஏறக்குறைய அதே வயதில் அதே மாதிரி இவன் கையால் பேசுகிறானாம். வாயோ கையோ, குழந்தைக்குள் இருக்கிற ஏதோ ஒன்று மொழியைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது, கண் முன்னால் மொழி இருந்தால் போதும் என்றார். நான் தலையாட்டினேன். என் கண் முன்னால் இருந்த மொழியிடமிருந்து என்னைத்தான் பஸ் ஏற்றி ஒடுகத்தூருக்கு அனுப்பிவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அவனுக்கு மூன்று வயது நெருங்கியபோது அக்கா கடைசியாக ஒரு தடவை வந்தார். இந்த முறை குழந்தையைப் படம் எடுக்க மட்டுமல்ல, அம்மாவைப் பேட்டி எடுக்கவும். அக்காவை வழிநடத்துகிற பேராசிரியருக்குச் சைகை தெரியாதாம், தமிழ் தெரியுமாம். அதனால் அம்மா கையால் சொல்லச் சொல்ல ஒருவர் வாயால் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். "நீ சொல்றியா?" என்று கேட்டார். அத்தனை ஞாயிறுகளுக்குப் பிறகு கேமரா ஓடும்போது என்னை உள்ளே உட்காரச் சொன்னது அன்றுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "எங்கம்மா இப்படிச் சொல்றாங்கன்னு சொல்லக் கூடாது. அம்மா நான்னு சொன்னா நீயும் நான்னுதான் சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

நான் அதுவரை செய்ததெல்லாம் கூட்டலும் குறைத்தலும்தான். கடைக்காரன் முனகினால் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். அம்மா கோபமாகக் கேட்டால் நான் தணிவாகக் கேட்பேன். பெரியம்மாவும் அம்மாவும் பேசிக்கொள்வது முழுக்க என் வழியாகத்தான். நான் ஆம்பூருக்கு வந்து கை பழகிய நாளிலிருந்து அப்படித்தான். பெரியம்மாவுக்குக் கையால் 'சாப்பிடு', 'வா', 'தூங்கு' தவிர ஒன்றும் வராது என்று நான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை சண்டையை நான் முழுங்கியிருக்கிறேன் என்று அவர்களுக்கே தெரியாது. இப்போது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சைகை தெரியும். ஒரு சொல்லை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அன்றைக்குப் பெரியம்மாவும் வந்திருந்தாள். ஊரிலிருந்து ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்து, சுவரோரம் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா தம்பியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். அம்மா பெருமையாகச் சொன்னாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு "நான் சந்தோஷப்பட்டேன்" என்று சொன்னேன். பிறகு அக்கா, "பெரிய பொண்ணு எப்படிக் கையால பேச ஆரம்பிச்சா?" என்று கேட்டார்.

அம்மா ஒரு வரியில் முடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையைத் தூக்கினாள். இரண்டு கையும் பெரிதாக எழுந்தன.

"அவளும் பேசினா" என்றேன். "நடக்கிறதுக்கு முன்னாடியே பேசினா. பால் கேட்டா. வெளக்கு காட்டினா. இவனை விட சீக்கிரம் பேசினா."

என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. இவனை விட சீக்கிரம். கேமராவில் சரியாக விழுந்திருக்குமா என்று சந்தேகமாக இருந்ததால் அதை இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அக்கா சிரித்துக்கொண்டே "ஒரு தடவைதான்" என்றார்.

அம்மா நிறுத்தவில்லை. நான் தொடர்ந்தேன். "எல்லாரும் சொன்னாங்க, உங்கிட்ட இருந்தா பேச்சு வராதுன்னு. எங்கக்கா வீட்டுக்கு அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பார்க்கப் போனேன். ஒவ்வொரு வாரமும் அவ கை கொறஞ்சிக்கினே வந்துச்சி. வாய் ஜாஸ்தி ஆச்சி. ஒருநாள் நான் பால் கலந்து வெச்சிருந்தேன். அவ எங்கிட்ட கேக்கல. எங்கக்காவைப் பார்த்து வாயால கேட்டா. எங்கக்கா கைதட்டிச் சிரிச்சா, எப்படிப் பேசுது பாருன்னு. நான் எம்பொண்ணு வாயைப் பார்த்தேன். உள்ள இன்னா சொல்லு இருக்குன்னு எனக்குத் தெரியல."

வேர்க்கடலை உடைகிற சத்தம் நின்றுவிட்டது. நான் பெரியம்மா பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அடுத்த சொல்லைக் குறைத்துவிடுவேன்.

"எனக்குப் பொறாமையா இருந்துச்சி" என்றேன். "எங்கக்கா மேல. அவ காது மேல. எம்பொண்ணை நான் குடுத்துட்டேன், அவ எடுத்துக்கினா. இவனை யாருக்கும் குடுக்க மாட்டேன். அந்தப் பொறாமை இன்னும் போகல."

அத்தனையும் என் வாயிலிருந்து, நான், எனக்கு என்றுதான் வந்தது. இத்தனை வருஷம் என் வயிற்றுக்குள் வைத்திருந்ததை யாரோ எடுத்து என் நாக்கில் வைத்ததுபோல இருந்தது. இதே பொறாமை இந்த வீட்டில் எனக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது, அதுவும் எனக்காகவே இருந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகையும் வந்தது, கர்வமும் வந்தது.

"இந்தா" என்றாள் பெரியம்மா. குரல் உடைந்திருந்தது. "இதை அவ சொல்றாளா, நீ சொல்றியா?"

வழக்கம்போல அந்தக் கேள்வியை அப்படியே அம்மாவுக்குக் கையால் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா பாதியிலேயே என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். என்னைத் தாண்டி, பெரியம்மாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு அவள் கை பேசியது எனக்குத் தெரிந்த சைகையில்லை. இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்துத் திருகினாள். உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள். முழங்காலைத் தேய்த்து, தோளுக்குப் பின்னால் எதையோ வீசினாள். பெரியம்மா மடியிலிருந்த கடலையைக் கீழே கொட்டினாள். தன் மணிக்கட்டைத் திருகினாள், முகவாயைத் தட்டினாள், இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் வீசினாள். வேகமாக. தயங்காமல். 'சாப்பிடு', 'வா', 'தூங்கு' மட்டும் தெரிந்த பெரியம்மாவின் கை அப்படிப் பேசியது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கக் கை சும்மா இல்லை.

அக்கா மெல்ல எழுந்து தம்பிக்கு வைத்திருந்த கேமராவைக் கழற்றி அவர்கள் பக்கம் திருப்பினார். "இது ஸ்கூல்ல கத்துக்கிட்டது இல்ல" என்று கிசுகிசுத்தார். "உங்கம்மா பெரிய வயசுலதானே ஸ்கூலுக்குப் போனாங்க? அதுக்கு முன்னாடி இவங்க ரெண்டு பேரும் வீட்ல அவங்களா உண்டாக்கிக்கிட்டது. நிறுத்தாத. என்ன சொல்றாங்க, சொல்லு."

நான் வாயைத் திறந்தேன்.

"தெரியலக்கா" என்றேன்.

அவர்களுக்குள் ஒரு மொழி இருந்திருக்கிறது. வேர்க்கடலை வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் வைத்து, நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் செய்த மொழி. நான் வாயாலும் கையாலும் பேச ஆரம்பித்ததும் இரண்டு பேரும் அதை மூலையில் வைத்துவிட்டு என்னைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இப்போது நான் நடுவில் தேவையில்லை.

தம்பி எழுந்து வந்து என் மடியில் உட்கார்ந்தான். அம்மாவைப் பார்த்தான், பெரியம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து, "அம்மா பேசறா. என்ன?" என்று கையால் கேட்டான். விரல்கள் ஒவ்வொன்றும் சரியான இடத்தில் இருந்தன.

"தெரியாது" என்று காட்டினேன்.

அவன் அம்மாவின் முழங்காலைத் தட்டினான். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை தட்டினான். அவன் தட்டி அவள் திரும்பாமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததேயில்லை. அவன் முகம் சுருங்கிற்று. அந்தச் சுருக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த சுருக்கம். அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தம்பி மேல் பொறாமை வரவில்லை. அவனுக்கும் சேர்த்து எனக்குப் பெரியம்மா மேல் வந்தது.